மணி அடித்தது... யார் வந்தார்? – திருட்டு அலாரத்தின் கதை



போன பொங்கல் விடுமுறையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடு போனது. வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் அலாரம் இருந்தது. அன்று ராத்திரி அது அடிக்கவும் செய்தது. தெருவுக்கே கேட்டது. எனக்கும் கேட்டது. "பூனை ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஜன்னலைச் சாத்தினார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அது நாலைந்து முறை சும்மாவே அடித்திருந்தது. காலையில் பார்த்தால் கொல்லைப்புறக் கதவு பெயர்ந்து கிடந்தது.

அடுத்த வாரமே அப்பா என்னைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டுக்கும் ஒரு அலாரம் போடணும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். நான் விலைப்பட்டியலைத் தேட ஆரம்பித்து, வழக்கம்போல வரலாற்றுப் பக்கம் போய்விட்டேன். போனது நல்லதாகத்தான் போயிற்று. எந்த அலாரத்தை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மணி அடித்தால் யார் வருவார்? திருட்டு அலாரத்தின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. வாருங்கள், பார்ப்போம்.

வாத்துகள் கத்தின, ஒருவன் எழுந்தான்

மின்சாரம் வருவதற்கு முன் மனிதனுக்கு அலாரம் என்றால் விலங்குகள்தான். இதில் புகழ்பெற்ற கதை ரோம் நகரத்துடையது. கி.மு. 390 வாக்கில் கால் இனத்தவர் ரோமைப் பிடித்துவிட்டார்கள். கேப்பிடோல் குன்று மட்டும் ரோமர்கள் கையில் மிஞ்சியிருந்தது. ஓர் இரவு எதிரிகள் சத்தமில்லாமல் குன்றின் மேல் ஏறினார்கள். காவல் நாய்கள் குரைக்கவில்லை. ஜூனோ தேவதையின் கோயிலில் வளர்த்த பெரிய வாத்துகள்தான் கத்தின. சத்தம் கேட்டு மான்லியஸ் என்ற வீரன் எழுந்து ஓடி, முதலில் ஏறி வந்தவனைக் கீழே தள்ளினான் என்கிறது ரோமானிய மரபு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் வாத்துகளைத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாத்துகள் கத்தின, அவ்வளவுதான். அந்த மான்லியஸ் மட்டும் "வாத்துதானே, கத்திட்டுப் போகுது" என்று என்னை மாதிரி திரும்பிப் படுத்திருந்தால்?

காட்டிக்கொடுக்கும் பூட்டு

அடுத்த முக்கியமான முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. 1817-ல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். அதன் சொந்தச் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். யாராவது கள்ளச்சாவி போட்டு நெம்பினால், உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோல் அளவுக்கு மீறி உயர்ந்து மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு சொந்தச் சாவியைப் போட்டாலும் உடனே திறக்காது. வீட்டுக்காரருக்கு "யாரோ கை வைத்திருக்கிறான்" என்று தெரிந்துவிடும்.

இதுவும் ஓர் எச்சரிக்கைதான். ஆனால் சத்தம் போடாத எச்சரிக்கை. மறுநாள் காலையில்தான் தெரியும். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் இந்தப் பூட்டை சுமார் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பூட்டை மட்டும் நம்பினால் போதாது என்பது பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

பாதிரியார் கண்டுபிடித்த மணி

மின்சாரத்தில் இயங்கும் முதல் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் பொறியாளரும் அல்ல, போலீஸ்காரரும் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப்! காப்புரிமை எண் 9,802. தேதி 1853 ஜூன் 21.

அவருடைய அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் கம்பி இழுத்து ஒரு பேட்டரியோடும் மின்காந்தத்தோடும் இணைத்தார். கதவு மூடியிருக்கும்போது மின்சுற்று திறந்திருக்கும். கதவைத் திறந்தால் சுற்று மூடிக்கொள்ளும். மின்காந்தம் உயிர்பெற்று ஒரு சுத்தியலை இழுத்து மணியில் அடிக்கும். இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. மணி அடித்ததும் திருடன் பயந்துபோய்க் கதவை மூடிவிட்டாலும் மணி நிற்காது. தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும்படி தனியாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இன்று நாம் வாங்கும் அலாரத்திலும் இதே தத்துவம்தான்.

ஒரு குறை உண்டு. கம்பியை முதலிலேயே வெட்டிவிட்டால் மணி அடிக்காது. பிற்காலத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். சுற்றில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தாலும் சரி, கம்பியை வெட்டினாலும் சரி, ஓட்டம் நின்று மணி அடித்துவிடும். வயர் இழுத்துப் போடும் அலாரங்களில் இன்றும் இந்த முறைதான் வழக்கம்.

வியாபாரி ஹோம்ஸ்

போப் 1858-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதற்குச் சற்று முன், 1857-ல், அவருடைய காப்புரிமையை வாங்கியவர் எட்வின் ஹோம்ஸ். ஊசி, நூல் போன்ற சில்லறைச் சாமான்கள் விற்ற பாஸ்டன் வியாபாரி. அலாரத்தை ஒரு தொழிலாக மாற்றியவர் இவர்தான்.

1859-ல் ஹோம்ஸ் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். திருடர்கள் அதிகமிருக்கும் ஊரில்தான் அலாரமும் அதிகம் விற்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை :-) பணக்காரர்களின் படுக்கையறையில் ஒரு பலகை மாட்டுவார். எந்த அறையின் ஜன்னல் திறக்கப்பட்டதோ அந்த அறையின் பெயர் அந்தப் பலகையில் தெரியும். வீட்டுக்காரர் படுத்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பார்த்து? நள்ளிரவில் "சமையலறை ஜன்னல்" என்று பலகை காட்டுகிறது. கீழே திருடன் இருக்கிறான். மேலே இருப்பவர் என்ன செய்வார்? வீட்டுக்குள் மட்டும் அடிக்கும் மணியின் பிரச்சினை இதுதான்.

அண்டை வீடுகளை இணைத்த கலஹான்

இதற்கு ஒரு விடை 1871-ல் வந்தது. பங்குச்சந்தை விலைகளைத் தந்தி வழியே அச்சடித்துத் தரும் கருவியை 1867-ல் உருவாக்கிய எட்வர்ட் கலஹான் என்பவர் அப்போது ஒரு தந்தி நிறுவனத்தோடு தொடர்பில் இருந்தார. அந்த நிறுவனத்தின் தலைவர் வீட்டில் திருடன் புகுந்தான். அந்தச் சம்பவம்தான் கலஹானை யோசிக்க வைத்தது.

அவர் 50 வீடுகளைக் கம்பியால் ஒரு மைய நிலையத்தோடு இணைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அழைப்புப் பெட்டி. பிடியைத் திருப்பினால் அந்த வீட்டுக்கென்று உள்ள குறியீடு மையத்தில் பதிவாகும். அங்கே தயாராக இருக்கும் தூதுப் பையன்களில் ஒருவன் உடனே ஓடுவான், அல்லது போலீசுக்குச் சொல்வான். இப்படிப்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து 1874-ல் 'அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப்' உருவானது. இன்றும் அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் நீலப் பலகையில் காணும் ஏடிடி என்பது இதுதான்.

ஹோம்ஸும் இதே வழிக்கு வந்தார். நியூயார்க்கில் கடைகள், வங்கிகள், வீடுகளிலிருந்து கம்பிகள் அவருடைய மைய அலுவலகத்துக்கு வந்தன. இரவெல்லாம் ஓர் ஆள் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் மணியை மட்டும் வாங்கவில்லை. தூங்காமல் விழித்திருக்கும் ஒரு மனிதரையும் மாதக் கட்டணத்துக்கு வாங்கினார். அலாரத் தொழிலின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த மனிதர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருட்டுக் கம்பியில் பேசிய டெலிபோன்

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. பாஸ்டனில் கோர்ட் தெருவில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவர் மின்கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஹோம்ஸின் அலாரக் கருவிகள் அங்கேதான் தயாராயின. அதே பட்டறையில்தான் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் வாட்சனும் தொலைபேசிச் சோதனைகளைச் செய்தார்கள்.

பெல்லிடம் கருவி இருந்தது, ஊர் முழுக்க இழுத்த கம்பி இல்லை. ஹோம்ஸிடம் அந்தக் கம்பி இருந்தது. பகலில் வங்கிகள் திறந்திருக்கும்போது அந்தக் கம்பிகளுக்கு வேலையும் இல்லை. 1877 மே மாதம் ஹோம்ஸின் பாஸ்டன் அலுவலகத்தில் சில வங்கிகளின் அலாரக் கம்பிகளில் தொலைபேசிகளை மாட்டி, ஒரு சிறிய இணைப்புப் பலகையும் வைத்தார்கள். பகலில் பேச்சு, இரவில் காவல். தொலைபேசி இணைப்பகங்களுக்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று இப்படித் திருட்டு அலாரத்தின் வயிற்றில் பிறந்தது!

மார்க் ட்வெய்ன் பட்ட பாடு

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததா? இல்லை. பொய் அலாரம் என்ற நோய் ஆரம்பத்திலிருந்தே கூடவே வந்தது. இதற்குச் சாட்சி எழுத்தாளர் மார்க் ட்வெய்ன். ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருந்த அவருடைய வீட்டில் அலாரம் இருந்தது. 1882-ல் மெக்வில்லியம்ஸ் என்ற குடும்பத்தை வைத்து அலாரத்தைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கதையும் எழுதினார்.

கீழ்த்தளத்துக்கு அலாரம் போட்டால் திருடன் மாடி வழியே வருகிறான். மாடிக்கும் போட்டால் அதற்கும் மேலே இருந்து வருகிறான். விடியற்காலையில் சமையற்காரி கதவைத் திறந்தால் வீடே அதிர்கிறது. பொய் அலாரம் அடித்து அடித்து, கடைசியில் மணி அடித்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. ஒரு கட்டத்தில் திருடர்கள் அலாரத்தையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்! சிரித்துச் சிரித்துப் படிக்கலாம். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு நர்ஸ் கேட்ட கேள்வி

20ஆம் நூற்றாண்டில் அலாரத் தொழில் பெரிதாகி, சில கைகளில் குவிந்தது. கிரின்னல் என்ற நிறுவனம் ஏடிடி, ஹோம்ஸ் இரண்டையும் தன் பிடியில் வைத்திருந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற மைய நிலையச் சேவையில் 87 சதவீதம் இந்தக் குழுமத்திடம் இருந்தது. இது ஏகபோகம்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-ல் தீர்ப்பளித்தது. அந்நாட்டின் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு இது.

அதே 1966-ல், நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பின நர்ஸ் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருக்கும் மின்னணுத் தொழில்நுட்பரான கணவர் ஆல்பர்ட்டுக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. பல இரவுகள் மேரி தனியாக இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பகுதியில் குற்றம் அதிகம். போலீசைக் கூப்பிட்டால் வர நேரமாகும்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வடிவமைத்த அமைப்பில் வாசற்கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள் இருந்தன. நகரும் கேமரா அவற்றின் வழியே பார்க்கும். படம் படுக்கையறையில் இருக்கும் தொலைக்காட்சித் திரையில் தெரியும். வந்தவரோடு ஒலிவாங்கி வழியே பேசலாம். தெரிந்தவர் என்றால் இருந்த இடத்திலிருந்தே பூட்டைத் திறக்கலாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தி உதவிக்குச் செய்தி அனுப்பலாம். 1969 டிசம்பர் 2 அன்று காப்புரிமை கிடைத்தது. எண் 3,482,037. இன்று கைப்பேசியில் வாசலைப் பார்க்கிறோமே, அதன் மூத்த அக்கா இது.

ஹோம்ஸின் வாடிக்கையாளருக்கு உதவி ஓடி வந்தது, காசு இருந்ததால். மேரிக்கு உதவி தாமதமாக வரும் என்று தெரியும். அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே நிற்பது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டுமே "யார் வருவார்?" என்ற கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

அடித்து அடித்து அலுத்த மணி

சென்சார்கள் மலிவானதும் அலாரங்கள் பெருகின, பொய் அலாரங்களும் பெருகின. 2000-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கப் போலீசார் சுமார் 3 கோடியே 60 லட்சம் அலார அழைப்புகளுக்குப் போனதாகவும், அதற்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் செலவானதாகவும், அவற்றில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் என்றும் அந்நாட்டு நீதித்துறைக்காக எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி சொல்கிறது. அதாவது நூறு முறை ஓடினால் தொண்ணூற்று நான்கு முறையாவது வீண்.

அந்த ஆண்டின் இறுதியில் சால்ட் லேக் சிட்டி நகரம் ஒரு முடிவெடுத்தது. வெறும் மணிக்குப் போலீஸ் வராது. யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே வரும். போலீசுக்கு வரும் அலார அழைப்புகள் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டன. 1871-ல் தூதுப் பையன் ஓடினான் அல்லவா? சுற்றிச் சுற்றி மறுபடியும் அங்கேயே வந்து நின்றது கதை. முதலில் ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவும் படித்துவிட்டு அப்பாவுக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பு இது. உங்களுக்கும் உதவலாம்.

1. முதலில் ஆள், பிறகு கருவி. அலாரம் அடித்தால் யாருடைய கைப்பேசிக்குச் செய்தி போகும்? அவர் பக்கத்தில் இருக்கிறாரா? வெளியூரில் இருக்கும் நமக்கு மட்டும் செய்தி வந்து பயனில்லை.

2. கதவு, ஜன்னலுக்குக் காந்த சென்சார். ஒரு காந்தமும், கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளும்தான். கதவு விலகினால் காந்தம் விலகும், தகடுகளின் நிலை மாறும், அலாரம் அடிக்கும். விலை குறைவு, பொய் அலாரமும் குறைவு. வாசலை விட கொல்லைப்புறக் கதவுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் முதலில் போடுங்கள். மார்க் ட்வெய்ன் கதையின் திருடனை மறக்க வேண்டாம்.

3. நடமாட்ட சென்சாரை யோசித்து மாட்டுங்கள். இது உடல் வெப்பத்தால் வரும் அகச்சிவப்புக் கதிர் நகர்வதைப் பார்க்கும். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே, ஏசி காற்று படும் இடத்தில், பூனை ஏறும் அலமாரிக்கு நேரே மாட்டினால் வம்புதான். எங்கள் தெரு அலாரம் சும்மா அடித்ததற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. சென்சார் பார்த்துக்கொண்டிருந்தது சமையலறை ஜன்னலை. அதன் வழியே பூனை வந்து போய்க்கொண்டிருந்தது.

4. கரண்ட் போனால்? உள்ளே பேட்டரி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். வைஃபையை மட்டும் நம்பும் கருவி, மோடம் அணைந்ததும் ஊமையாகிவிடும். சிம் கார்டு போடும் வசதி இருந்தால் நல்லது.

5. மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சோதிக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு பொய் மணியும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

6. ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். போலீசாரே இதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். செலவும் இல்லை.

அப்பா குறிப்பைப் படித்துவிட்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அன்று சாயங்காலமே திருடு போன வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருக்கும் அக்காவிடம் நான் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு ராத்திரி எங்களுக்குக் கேட்டுச்சுக்கா. பூனைன்னு நெனச்சுட்டோம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் இங்க இருந்திருந்தாலும் பூனைன்னுதான் நெனச்சிருப்பேன்" என்றார். எங்களுக்குக் காப்பி கொடுத்தார். அது மன்னிப்பா, இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். யார் வீட்டில் மணி அடித்தாலும் மற்ற மூன்று வீட்டுக் கைப்பேசிக்கும் அழைப்பு வரும். உள்ளே நுழையக் கூடாது. விளக்கைப் போட்டு, மாடியிலிருந்து பார்த்து, சந்தேகம் என்றால் 100-க்கோ 112-க்கோ கூப்பிட வேண்டும். கலஹான் 50 வீடுகளை இணைத்தார், நாங்கள் நான்கு வீடுகளை இணைத்திருக்கிறோம். கருவி என்னவோ மலிவானதுதான். போன மாதம் ஒரு ராத்திரி எதிர்வீட்டு மணி அடித்தது. போய்ப் பார்த்தோம். பூனைதான். ஆனால் நான்கு வீட்டிலும் விளக்கு எரிந்தது.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!